எந்த மூடி முதலில்? ரத்தம் எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

மாலை நாலு மணி இருக்கும். மெஷினில் வந்த ரிசல்ட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பொட்டாசியம் 9.4. கால்சியம் 3.8. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குக் கீழே. பொட்டாசியம் 7-ஐத் தாண்டினாலே இதயத் துடிப்பு எந்த நேரமும் தடுமாறலாம். அந்தக் கணக்குப்படி அந்த நோயாளி உட்கார்ந்திருக்கவே கூடாது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், எழுபது வயதுப் பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி சீராக ஓடியது.

உள்ளே வந்து ரத்தம் எடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். ரத்தம் பிடிக்கும் டியூப்களை மூடியின் நிறத்தை வைத்துத்தான் நாங்கள் சொல்லுவோம். “சிவப்பு மூடியில ரத்தம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சுக்கா. ஊதாவுல நிறைய இருந்துச்சு. அதுல இருந்து கொஞ்சம் இதுல ஊத்தினேன்” என்றாள். அவள் எதையும் மறைக்கவில்லை, அதில் தப்பு இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது. எந்த நிறம் எந்தப் பரிசோதனைக்கு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். மூடிக்குக் கீழே என்ன மருந்து இருக்கிறது, அது ரத்தத்தை என்ன செய்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாட்டிக்கு மறுபடி எடுத்தோம். பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.1.

காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர் லேபில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்லுவதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். கால்சியம் என்ன ஆகிறது என்று புரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் தானாக வரும்.

ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் உறைதல் பாதியிலேயே நின்றுவிடும். ஊதா மூடியில் இருக்கும் இ.டி.டி.ஏ., நீல மூடியில் இருக்கும் சிட்ரேட், சாம்பல் மூடியில் ஃப்ளோரைடுடன் சேர்ந்திருக்கும் ஆக்சலேட், மூன்றுமே கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற பொருட்கள். பச்சை மூடியின் ஹெப்பாரின் மட்டும் வேறு வழி. அது கால்சியத்தைத் தொடாது. ரத்தத்திலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்துக்குப் பலம் கொடுத்து, உறைய வைக்கும் த்ராம்பினை அடக்கிவிடும். சிவப்பும் மஞ்சளும் எதிர்த்திசை. அங்கே ரத்தம் உறையத்தான் வேண்டும், உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவமான சீரம்தான் நமக்குத் தேவை. பிளாஸ்டிக் டியூப் என்றால் உள்சுவரில் சிலிக்காத் தூள் பூசியிருப்பார்கள், சீக்கிரம் உறைவதற்காக.

இப்போது அந்தப் பெண் செய்ததைப் பாருங்கள். ஊதா டியூபில் இருப்பது வெறும் இ.டி.டி.ஏ. அல்ல, அதன் பொட்டாசியம் உப்பு. டியூபின் லேபிளில் கே2 அல்லது கே3 என்று போட்டிருப்பது அதைத்தான். அதிலிருந்து நாலு சொட்டு சீரம் டியூபுக்குள் போனால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். ஆல்கலைன் பாஸ்படேஸ் வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், அவற்றையும் இ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்வதால் அதுவும் விழுந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே ரிப்போர்ட்டில் வந்தால் நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் டியூபைச் சந்தேகப்படுங்கள். ஒரு டியூபிலிருந்து இன்னொரு டியூபுக்கு ரத்தம் ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். குறைவாக இருந்தால் குறைவாக இருக்கிறது என்று சொல்லுங்கள், மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் காலி பெனிசிலின் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அதில் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டு விட்டு உலர்த்தி நாங்களே தயார் செய்வோம். எத்தனை சொட்டு விட்டோம் என்பது எங்கள் கைக்குத்தான் தெரியும். இன்றைக்கு அளந்து தெளித்த டியூப் கையில் கிடைக்கிறது. ஒரு மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய 1.5 முதல் 2.2 மில்லிகிராம் இ.டி.டி.ஏ. என்பது கணக்கு. டியூபில் போட்டிருக்கும் கோடு அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான். கோட்டுக்குப் பாதி வரை மட்டும் எடுத்தால் மருந்து அதிகமாகி, சிவப்பணுக்கள் சுருங்கும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு) குறைவாகக் காட்டும். வழிய வழிய எடுத்தால் மருந்து போதாமல் உள்ளே சின்னச் சின்னக் கட்டி விழும். ரத்தம் கலக்க இடமும் இருக்காது.

இந்தக் கோடு விஷயத்தில் கொஞ்சமும் மன்னிக்காதது நீல மூடிதான். அதில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் திரவமாக இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். 3 மில்லி டியூப் என்றால் சிட்ரேட் 0.3, ரத்தம் 2.7. ஏன் இவ்வளவு கறார்? உறையும் நேரம் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. பரிசோதனையில் நாம் செய்வது என்ன? சிட்ரேட் கட்டிப்போட்ட ரத்தத்தின் பிளாஸ்மாவுக்கு (அணுக்கள் நீங்கிய திரவம்) கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று எண்ணுகிறோம். திருப்பிக் கொடுக்கும் கால்சியம் அந்த 0.3 மில்லி சிட்ரேட்டை மனதில் வைத்து அளந்தது. ரத்தம் பாதிதான் இருந்தால் மிச்ச சிட்ரேட் சும்மா இருக்குமா? நாம் கொடுக்கிற கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உறைய நேரமாகும். ரிப்போர்ட்டில் அந்த நோயாளிக்கு ரத்தம் உறைவதில் கோளாறு என்று வரும்.

ஒருமுறை இப்படித்தான், மறுநாள் காலை குடலிறக்க ஆபரேஷனுக்குப் பட்டினி இருக்கச் சொல்லியிருந்த ஒருவருக்கு ஏ.பி.டி.டி. 52 விநாடி வந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவர் கூலி வேலை செய்பவர். லீவு சொல்லி, மனைவியை ஊரிலிருந்து வரவழைத்து, எல்லாம் செய்துவிட்டு வந்திருந்தார். ஸ்டாண்டில் இருந்த டியூபை எடுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. நானே போய்க் கோடு வரை எடுத்து வந்து போட்டதும் 31. அன்றிலிருந்து எங்கள் லேபில் கோட்டைத் தொடாத நீல டியூபை மெஷின் பக்கமே கொண்டுபோவதில்லை.

பட்டாம்பூச்சி ஊசி பயன்படுத்தும்போது இதே தப்பு நம்மை அறியாமல் நடக்கும். அதன் பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும் காற்று முதல் டியூபுக்குள் போய்விடும், அந்த அளவுக்கு ரத்தம் குறையும். நீல மூடிதான் முதலில் என்றால், வேறொரு டியூபை மாட்டிக் குழாயை ரத்தத்தால் நிரப்பி, அதைத் தூர வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

சரி, எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில்? ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் இருந்தால் அதுதான் முதல். மற்ற டியூப் மூடிகள் எல்லாம் கிருமி நீக்கியவை என்று சொல்ல முடியாது, அதனால். அப்புறம் நீலம். அடுத்து சிவப்பு அல்லது மஞ்சள். பிறகு பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊசி முனை ஒவ்வொரு டியூபிலும் இருப்பதில் ஒரு துளியை அடுத்ததற்குச் சுமந்துபோகும் என்று வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். நீலத்துக்கு முன்னால் சிவப்பு வந்தால் உறைய வைக்கும் தூள் நீலத்துக்குள் போகும். சிவப்புக்கு முன்னால் ஊதா வந்தால் அந்தப் பாட்டியின் கதைதான். சாம்பலில் சோடியமும் இருக்கிறது, பொட்டாசியமும் இருக்கிறது, ஆக்சலேட் சிவப்பணுவையும் கெடுக்கும். அதற்குப் பின்னால் எதையுமே எடுக்க முடியாது, ஆகவே அது கடைசி. சிரிஞ்சில் எடுத்துப் பிரித்து ஊற்றினாலும் வரிசை இதேதான். ஆனால் சிரிஞ்சுக்குள் ரத்தம் உறைய ஆரம்பித்துவிடும் என்பதால் கை வேகமாக இருக்க வேண்டும். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த வேக்குவம் டியூபாக இருந்தால் பிஸ்டனை அழுத்தித் தள்ளாதீர்கள். டியூப் தானே இழுத்துக்கொள்ளும். தள்ளினால் சிவப்பணு உடையும். டியூபை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஊசியைக் குத்துவதும் கூடாது, ஸ்டாண்டில் வைத்துக் குத்துங்கள்.

குழந்தைகளுக்கு விரலில் குத்தி எடுக்கும்போது மட்டும் வரிசை மாறும். அங்கே ரத்தம் சொட்டுச் சொட்டாக வரும்போதே தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்ட ஆரம்பித்துவிடும். ஆகவே ஊதா முதலில், சீரம் கடைசியில்.

இன்னொரு எச்சரிக்கை. நிறம் உலகம் முழுக்க ஒன்றல்ல. ஜெர்மன் தயாரிப்பான சார்ஸ்டெட் மோனோவெட் டியூப்களின் ஐரோப்பிய நிற முறையில் சிவப்புதான் இ.டி.டி.ஏ., பச்சை சிட்ரேட், ஆரஞ்சு ஹெப்பாரின், மஞ்சள் ஃப்ளோரைடு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதை அவசியம் நினைவில் வையுங்கள். நம் ஊரிலேயே மஞ்சளில் இரண்டு உண்டு. ஒன்று ஜெல் போட்ட சீரம் டியூப், இன்னொன்று ரத்தத்தை உறையவிடாத ஏ.சி.டி. கரைசல் இருக்கும் டியூப், திசுப் பொருத்தம் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு வருவது. மூடியைப் பார்த்து எடுங்கள், லேபிளைப் படித்துவிட்டுக் குத்துங்கள். படிக்கும்போதே காலாவதித் தேதியையும் பாருங்கள். தேதி தாண்டிய டியூபில் வேக்குவம் குறைந்துபோயிருக்கும், கோடு வரை இழுக்காது.

எடுக்கும் கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூர்னிக்கெட்டை முழங்கைக்கு நாலு விரற்கடை மேலே கட்டுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ரத்தம் வர ஆரம்பித்ததும் தளர்த்துங்கள். நரம்பு கிடைக்கவில்லை என்று கையை மூடி மூடித் திறக்கச் சொல்லும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது; அதனால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஒருமுறை மூடிப் பிடிக்கச் சொன்னால் போதும். ஸ்பிரிட் காயட்டும். குளுக்கோஸ் ஏறும் கையில் எடுக்காதீர்கள்.

இப்போது கலக்குவது. இதை நான் ஒவ்வொருவர் கையையும் பிடித்துத்தான் சொல்லித்தருவேன். டியூபை நிமிர்த்திப் பிடியுங்கள். மணிக்கட்டை மெதுவாகத் திருப்பி மூடி கீழே வரும்படி கவிழுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழைப் பாருங்கள். அது மூடிப் பக்கமிருந்து கிளம்பி, ரத்தத்தின் ஊடே ஊர்ந்து, அடிப்பக்கம் போய்ச் சேரும். சேர்ந்த பிறகு நிமிர்த்துங்கள். குமிழ் திரும்பி வரும். இது ஒன்று. நீலத்துக்கு மூன்று நாலு முறை, சிவப்பு மஞ்சளுக்கு ஐந்து, பச்சை, ஊதா, சாம்பலுக்கு எட்டிலிருந்து பத்து. அவசரத்தில் டானிக் பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்கினால் சிவப்பணு உடைந்து, சீரம் ரோஸ் நிறத்தில் வந்து நிற்கும். எல்லா டியூபையும் எடுத்துவிட்டுக் கடைசியில் கலக்கலாம் என்று ஊதாவை அப்படியே வைத்தால் அதற்குள் கட்டி விழுந்திருக்கும். ஒரு டியூபைக் கழற்றியதும் கவிழ்த்துக்கொண்டே அடுத்ததை மாட்டப் பழகுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் கை தானாகச் செய்யும்.

ஊதா டியூபைச் சரியாக எடுத்து, சரியாகக் கலக்கியும் ஒரு பிரச்சினை வரலாம். மழைக்காலத்தில் டெங்கு பயம் பரவியிருக்கும்போது தட்டணு 38,000 என்று ஒரு ரிப்போர்ட் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பப்பாளி இலையைத் தேடி ஓடுவார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பார்கள். காய்ச்சலே இல்லாத, உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாத ஒரு காலேஜ் பையனுக்கு இப்படி வந்தபோது ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் தட்டணுக்கள் திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக் கிடந்தன. சிலருடைய ரத்தத்தில் இ.டி.டி.ஏ. பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஒரு குலையை ஒரு தட்டணுவாகக்கூட எண்ணாது. நீல மூடியில் எடுத்து மறுபடி எண்ணினேன். 1,95,000. சிட்ரேட் திரவம் பத்தில் ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொள்வதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் இரண்டு லட்சத்தையும் தாண்டுகிறது. தட்டணு குறைவாக வந்தால் ஸ்லைடு பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்பேன்.

சர்க்கரை பார்க்க எடுக்கும் சாம்பல் மூடிக்கு வருவோம். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். காலை ஏழு மணிக்குக் கலெக்‌ஷன் சென்டரில் சிவப்பு மூடியில் எடுத்து, பஸ்ஸில் ஏற்றிப் பதினொரு மணிக்கு டவுன் லேபில் போட்டால் 130 இருந்த சர்க்கரை 100-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சர்க்கரை நோய் ஆரம்பிக்கிற ஒருவரிடம் “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லி அனுப்புவதற்குச் சமம் இது. ஃப்ளோரைடு அந்தத் தின்னும் வேலையில் ஈனோலேஸ் என்ற ஒரு நொதியை நிறுத்துகிறது. ஆனால் முழுசாக நிறுத்த ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் சாம்பல் மூடிதான் எடுத்துவிட்டோமே என்று வெயிலில் வைக்காமல், எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வையுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி.-க்கு ஊதா போதும்.

அதே ஐஸ் பெட்டியில், சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுற்றி அணுக்களைப் பிரிக்கும் மெஷின்) இன்னும் சுற்றாத சீரம் டியூபை வைக்காதீர்கள். இதைப் பலர் செய்கிறார்கள். சித்திரை வெயிலில் கெட்டுப்போகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் குளிரில் சிவப்பணுவின் சுவரில் இருக்கும் பம்ப் நின்றுபோய், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். சீரம் பார்க்க அழகாக, மஞ்சளாக இருக்கும், ரத்தம் உடைந்த அடையாளமே இருக்காது, பொட்டாசியம் மட்டும் ஏறியிருக்கும். சரியான வழி இது: எடுத்து நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் உறைய விடுங்கள். தூள் பூசாத வெறும் டியூப் என்றால் ஒரு மணி நேரம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஹெப்பாரின் எடுப்பவர்களுக்கு இன்னும் கூட ஆகலாம். உறைந்த பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் சீரத்தைப் பிரித்துவிட்டு, அப்புறம் குளிரில் வைத்து பஸ்ஸில் அனுப்புங்கள். உறைவதற்கு முன் சுற்றினால் சீரத்தில் நார் நாராக ஃபைப்ரின் நின்று மெஷினின் ஊசியை அடைக்கும். ஜெல் டியூபை ஒருமுறை சுற்றியதோடு சரி. ஜெல்லுக்குக் கீழே தங்கியிருந்த பொட்டாசியம் இரண்டாம் சுற்றில் மேலே வந்துவிடும்.

பச்சை மூடி நம் மாதிரிச் சின்ன லேபில் அதிகம் வராது. 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆராய்ச்சியில் வெளிப்பட்ட பொருள் ஹெப்பாரின். கல்லீரலிலிருந்து பிரித்ததால் கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர். உறைவதற்குக் காத்திருக்க நேரமில்லாத அவசர எலெக்ட்ரோலைட்டுக்கு (சோடியம், பொட்டாசியம் போன்றவை) நல்லது. லித்தியம் ஹெப்பாரின் டியூபில் லித்தியம் அளவு பார்க்கக் கூடாது, மனநலச் சிகிச்சையில் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது முக்கியம். கருப்பு மூடி, சிவப்பணு எவ்வளவு வேகமாகக் கீழே படிகிறது என்று பார்க்கும் இ.எஸ்.ஆருக்கு. அதிலும் சிட்ரேட்தான், ஆனால் நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. நீலம் தீர்ந்துவிட்டது என்று கருப்பில் பி.டி. எடுத்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன், அது எதற்கும் உதவாது.

பெயர் எழுதுவது எடுத்த பிறகு, நோயாளியின் பக்கத்திலேயே. முன்கூட்டியே எழுதி வைத்த டியூப்கள் வரிசையில் மாறிவிடும். எங்கள் ஊரில் ஒரே காலையில் இரண்டு செல்வி, மூன்று மாரியம்மாள் வருவார்கள். “நீங்க செல்விதானே?” என்று கேட்டால் காது சரியாகக் கேட்காதவர்கூட ஆமாம் என்று தலையாட்டுவார். “உங்க பேர் என்னம்மா? வயசு?” என்று கேளுங்கள், அவர்கள் வாயால் சொல்லட்டும். பெயர், வயது, எண், எடுத்த நேரம். நேரம் எழுதாத சர்க்கரை டியூபை வைத்து என்ன முடிவு சொல்வது?

இத்தனைக்குப் பிறகும் சில நாள் டியூப் சரியில்லாமல் போகும். கட்டி விழுந்திருக்கும், சீரம் சிவந்திருக்கும், கோடு எட்டியிருக்காது. அப்போது போட்டுப் பார்க்கலாமே என்று மெஷினில் வைக்காதீர்கள். எண் வந்துவிட்டால் அதை யாராவது நம்பிவிடுவார்கள். நோயாளியிடம் நேரில் போங்கள். “பாட்டி, முதல்ல எடுத்த ரத்தம் சரியா அமையலை. தப்பான ரிசல்ட் வந்துடக் கூடாதுன்னு இன்னொரு தடவை எடுக்கிறோம், இதுக்குக் காசு கிடையாது” என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அந்தப் பாட்டியிடம் நான் அப்படித்தான் சொன்னேன். பன்னைக் காகிதத்தில் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “இந்தக் கையில எடு தாயி, இதுலதான் நரம்பு நல்லாத் தெரியும்” என்று இடது கையை நீட்டினார்.